‘பட்டினா’வுக்குக் களிம்பு வேண்டாம், ‘முதிர்படலம்’னு வைக்கலாமா?

ஐயா, அக்கா, வணக்கம். மெட்டல் டிடெக்டர் வச்சு எடுக்கிற பழம்பொருள்களுக்கான சொற்பட்டியல் பார்த்தேன், ரொம்ப நல்லா வந்திருக்கு. ஒரே ஒரு இடத்துல மட்டும் மனசு ஒப்பல. பழைய உலோகத்து மேல காலப்போக்குல தானா உண்டாகுற படலம் இருக்கே, அந்த ‘பட்டினா’வுக்கு (patina) நேரா ‘களிம்பு’ன்னு போட்டிருக்கீங்க. செம்பில் களிம்புன்னு, சைவ சித்தாந்தத்துல உயிரைப் பிடிச்சிருக்கிற ஆணவ மலத்துக்கே உவமை சொல்ற அளவுக்குப் பழைய சொல்தான், ஆனா அந்த உவமையிலயே களிம்புங்கிறது நீங்கவேண்டிய அழுக்கு. பட்டினா அப்படியே இருக்கவேண்டியது. களிம்புன்னு படிச்சா தேய்க்கத்தான் கை போகும்.

நூத்துக்கணக்கான வருஷம் மண்ணுக்குள்ள கிடந்த செப்புக்காசு ஒண்ணை எடுத்துக்கங்க. உலோகத்தை ஒட்டி சிவப்பா ஆக்சைடு, அதுக்கு மேல பச்சையா கார்பனேட்டுன்னு செம்பே மாறிப்போயிருக்கும், அச்சடிச்ச அன்னைக்கு இருந்த மேற்பரப்பு பெரும்பாலும் அந்தப் படலத்துக்குள்ளதான் தங்கியிருக்கும், தலை உருவமும் விளிம்புல ஓடுற எழுத்தும் அங்கதான். எலுமிச்சைச் சாறுல ஊறப்போட்டா அடியில குழி குழியா செம்பு பளபளக்கும், எழுத்து போயிரும். அப்புறம் எந்தக் காலம், யார் வெளியிட்டதுன்னு எதை வச்சு கேட்டலாக்ல தேடுறது?

இன்னொண்ணு, களிம்பு செம்பு, பித்தளை, வெண்கலத்தோட நின்னுரும். ஈயக்குண்டு வெள்ளையா பூக்கும், வெள்ளி கறுக்கும், அதையும் பட்டினான்னுதான் சொல்றாங்க. தம்பி ஒருத்தர் சொன்ன ‘துரு’ இரும்புக்கு மட்டும்தான், அதை விட்டுரலாம். 1876ல சண்டை நடந்த அமெரிக்காவோட லிட்டில் பிக்ஹார்ன் களத்துல 1984ல டிடெக்டர் வச்சு ஆய்வு பண்ணப்போ ஒவ்வொரு தோட்டாவும், சுட்டப்புறம் விழுந்த வெற்றுக்கூடும் கிடந்த இடத்தைக் குறிச்சு, கூட்டுல துப்பாக்கியோட ஊசி குத்தின தடத்தை ஒப்பிட்டு, ஒரே துப்பாக்கி களத்துல எங்கெங்க சுட்டிருக்குன்னு கண்டுபிடிச்சாங்க. அந்தத் தடமெல்லாம் மேல்தோல்ல இருக்கிற சமாச்சாரம், கம்பி பிரஷ் போட்டா அந்த சாட்சி போச்சு.

அதனால என் பரிந்துரை ‘முதிர்படலம்’. வினைத்தொகை, முதிர்ந்ததும் முதிர்றதும் ரெண்டும் அடங்கும், எந்த உலோகத்துக்கும் ஒட்டும். நிறத்தைச் சேர்த்து பச்சை முதிர்படலம், வெள்ளை முதிர்படலம்னு பதிவேட்டுல எழுதவும் வசதி.

செம்பு கலந்த பொருளை அரிக்கிற bronze diseaseக்கு ‘வெண்கல நோய்’னு போட்டிருக்கிறதையும் மாத்தலாம்னு தோணுது. அது வெண்கலத்துக்கு மட்டும் வர்றதில்ல, சுத்த செம்பிலயும் வரும். மண்ணுல இருக்கிற குளோரைடு உப்பு உள்ள இறங்கி, காத்து ஈரம் பட்டதும் அமிலம் உண்டாக்கி, அந்த அமிலம் திரும்பச் செம்பைத் தின்னுன்னு சுத்திச் சுத்தி நடக்கும். ‘உப்பரிப்பு’ன்னா காரணம் பேர்லயே வந்துருது. அடையாளம் கண்டுக்கவும் கஷ்டமில்ல: முதிர்படலம் கெட்டியா வழவழன்னு ஒட்டியிருக்கும், உப்பரிப்பு வெளிர்பச்சையா மாவு மாதிரி, பல்குத்தும் குச்சியால தொட்டாலே உதிரும். அப்படி இருந்தா மத்த காசுலேர்ந்து பிரிச்சு, சிலிக்கா ஜெல் போட்ட மூடின டப்பாவுல ஈரப்பதம் 40 சதவீதத்துக்குக் கீழ வச்சுக்கணும், மிச்சத்தை பழம்பொருள் பாதுகாக்கிற நிபுணர் (கன்சர்வேட்டர்) பார்த்துக்கட்டும்.

சாயம் பூசி பழசுன்னு விக்கிறதுக்கு ‘போலிப்படலம்’ போதும்னு நினைக்கிறேன், அசிட்டோன் பஞ்சுல துடைச்சா பல சமயம் சாயம் பஞ்சுல வந்துரும். வெள்ளி கறுக்கிறதுக்குத் தனிச்சொல் வேணுமா, ‘கருமுதிர்படலம்’னே விட்டுரலாமா? நீளமா இருக்கோன்னு எனக்கே சந்தேகம், அக்கா நீங்க நாணயப் பதிவு எழுதுறவங்க, சொல்லுங்க.