மாட்டுப்பட்டியில் வாசிக்கும் மகனுக்குக் கதைகள் வேண்டும்

அனைவருக்கும் வணக்கம். ஹட்டனுக்கு அருகே ஒரு தேயிலைத் தோட்டத்தில் வசிக்கிறோம். தரம் 3இல் படிக்கும் என் மகன் 247 எழுத்துகளையும் தனித்தனியே சொல்லிவிடுவான். ஆனால் சொல்லாகச் சேர்ந்து வரும்போது ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் குழம்பி, ‘கொடி’யையும் ‘கோடி’யையும் ஒன்றாகவே வாசிப்பதால், வகுப்பில் வாய் திறக்கவே அஞ்சுகிறான்.

சென்ற வாரம் பால் கறக்கும் வேளையில், நான் வழக்கமாகச் சொல்லும் நரிக் கதையைத் தாளில் எழுதிக் கொடுத்து, கன்றுக்கு வாசித்துக் காட்டச் சொன்னேன். அதன் நெற்றியைத் தடவியபடி, தடுமாறிய இடத்தில் விரலை வைத்து மீண்டும் தொடங்கி, முழுப் பக்கத்தையும் முடித்துவிட்டான். கன்று அவனைத் திருத்துவதுமில்லை, பார்த்துச் சிரிப்பதுமில்லை என்பதே காரணம் என்று நம்புகிறேன்.

மாடு, ஆடு, கோழி வரும் சிறு கதைகள் உங்கள் பாட்டிமார் சொன்னவையாக நினைவிலிருந்தால், தயவுசெய்து எழுதி அனுப்புங்கள். இத்தகைய பிள்ளைகளுக்குக் கற்பித்த ஆசிரியர்கள், கொம்புக் குழப்பத்தை எவ்வாறு தீர்த்தீர்கள் என்பதையும் கூறுங்கள்.