கால்கரி குளிரில் பச்சோந்தி வளர்த்த ஐந்து மாதம்

மஞ்சக்குப்பம், கடலூர்

மகள் பிரசவத்துக்காக நானும் மனைவியும் கனடாவில் உள்ள கால்கரிக்குப் போய் ஐந்து மாதம் இருந்தோம். மருமகன் ஒரு பச்சோந்தி வளர்க்கிறார். நம் முந்திரித் தோப்பில் திரியும் இனம் இல்லை, ஏமன் நாட்டு இனம். தலையில் கொண்டை போல உயர்ந்திருக்கும். கைக்குழந்தையோடு இருவருக்கும் தூக்கமே இல்லை. "மாமா, இதை மட்டும் நீங்க பார்த்துக்கறீங்களா?" என்று கேட்டார். சரி என்றேன்.

வெளியே மைனஸ் 25 டிகிரி, வீட்டுக்குள் ஹீட்டர் போட்டு 21. எங்கள் உதடே வெடித்துவிட்டது. கூண்டில் இருந்த ஈரப்பதமானி 15 சதவீதம் காட்டியது. காரணத்தை மருமகன்தான் சொன்னார். மைனஸ் 20-ல் ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் ஒரு கிராம் நீராவிதான் தங்கும். அதே காற்று 20 டிகிரிக்கு வந்தால் 17 கிராம் வரை தாங்கும். இருக்கிற ஈரம் அந்த ஒரு கிராம்தானே! சூடாக்கச் சூடாக்க வறட்சிதான் மிஞ்சும்.

கடலூர்க்காரன் புத்தி எனக்கு. நம்ம ஊர்ப் புழுக்கம் இருந்தால் அது சுகமாக இருக்கும் என்று நினைத்து, வலைக் கூண்டை மேலும் பக்கமும் பிளாஸ்டிக் தாளால் மூடினேன். நாள் முழுக்கத் தண்ணீர் தெளித்தேன். விளக்கையும் ராத்திரி வரை அணைக்கவில்லை. பத்தே நாளில் தலையை மேலே தூக்கி, வாயைத் திறந்து மூச்சு வாங்கியது. வாயோரம் கோழை. மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம். சுவாசத் தொற்று என்று மருந்து கொடுத்தார். வெப்பமும் ஈரமும் ஒன்றாகத் தேங்கி நிற்பதுதான் கெடுதல், பகலில் காய விடுங்கள், இரவில் குளிர விட்டு ஈரம் கொடுங்கள் என்றார்.

கேட்டதும் எனக்கு மார்கழிதான் நினைவுக்கு வந்தது. ராத்திரி முழுக்கப் பனி இறங்கும், விடியலில் இலையெல்லாம் சொட்டும், ஏழு மணி வெயிலில் எல்லாம் காய்ந்துவிடும். அதையே கூண்டுக்குள் கொண்டுவந்தேன். பிளாஸ்டிக்கை மூன்று பக்கம் மட்டும் வைத்து, முன்பக்கத்தையும் மேலேயும் காற்றுக்காகத் திறந்துவிட்டேன். இரவில் விளக்கு கிடையாது, அறை 17, 18 டிகிரி. நள்ளிரவிலிருந்து விடியும்வரை பனிமூட்டக் கருவி ஓடும். ஈரப்பதம் 85-க்கு மேல் போகும். விளக்கு போடும் முன் இரண்டு நிமிடம் தெளிப்பான். கிண்ணத்தில் வைத்த தண்ணீரை அது ஏறெடுத்தும் பார்க்காது. மணி பிளான்ட் இலையில் நிற்கும் துளியைத்தான் நக்கிக் குடிக்கும். பிறகு ஒரு கிளைக்கு மட்டும் விளக்குச் சூடு, 30 டிகிரி. கூண்டின் மறுபக்கம் 23. பகலில் ஈரப்பதம் 40 போதும்.

காலையில் அது கரும்பச்சையாகி, உடம்பைத் தட்டையாக்கி, விளக்குக்குப் பக்கவாட்டில் நிற்கும். சூடு ஏறியதும் இளம்பச்சை. அந்த நிறம் மாறுவதைப் பார்க்கவே பேத்தியைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். எச்சத்தில் வெள்ளைப் பகுதி வெள்ளையாகவே இருந்தால் நீர் போதுகிறது. ஆரஞ்சாக மாறினாலோ கண் குழி விழுந்தாலோ போதவில்லை.

லாஸ்பேட்டை, புதுச்சேரி

ஐயா, அமெரிக்காவில் உள்ள டென்வரில் இருந்தபோது நானும் இந்த இனத்தை வளர்த்தேன். பனிமூட்டக் கருவியில் குழாய்த் தண்ணீர் ஊற்றி, இலையெல்லாம் வெள்ளைப் பொடி படிந்துவிட்டது. தண்ணீரில் உள்ள உப்பு அது. காய்ச்சி வடித்த நீருக்கு மாறினேன், வாரம் ஒருமுறை கருவியைக் கழுவினேன். ஜன்னலோர வெயில் போதும் என்று புற ஊதா விளக்கு வாங்காமல் இருந்ததும் தப்பு. கண்ணாடி அந்தக் கதிரைத் தடுத்துவிடும், கால்சியம் எலும்பில் சேராது. அப்புறம், கால்கரியில் கரண்ட் போனால் என்ன செய்தீர்கள்?

பண்ருட்டி பக்கம்

எங்கள் தோப்பில் நம் நாட்டுப் பச்சோந்தி உண்டு. 2011 தானே புயலில் முந்திரி மரங்கள் சாய்ந்த பிறகு பல வருடம் என் கண்ணிலேயே படவில்லை. போன மாதம் ஒன்று, காற்றில் ஆடும் இலை மாதிரி முன்னும் பின்னும் ஆடி ஆடித் தார்ச்சாலையைக் கடந்தது. இரண்டு பக்கமும் வண்டியை நிறுத்தச் சொல்லி, ஒரு குச்சியில் ஏற விட்டு வேலியில் சேர்த்தேன். விஷம் என்று கல்லெடுத்தார் ஒருவர். அதற்கு விஷமே கிடையாது. என் மகன் வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்றான். 1972 வன உயிரினச் சட்டப்படி அதைப் பிடிப்பதும் வளர்ப்பதும் குற்றம் என்று சொல்லிக் கூட்டி வந்தேன்.

மஞ்சக்குப்பம், கடலூர்

நல்ல வேலை செய்தீர்கள் தம்பி, வேலியில் விட்டதும் பையனுக்குச் சொன்னதும்.

லாஸ்பேட்டை நண்பருக்கு: ஜனவரியில் ஒருநாள் நான்கு மணி நேரம் கரண்ட் இல்லை. கூண்டைக் கம்பளியால் போர்த்தி, காற்றுக்கு ஒரு ஓரம் மட்டும் விட்டோம். உள்ளே 16 வரை இறங்கியது. வளர்ந்தது என்பதால் தாங்கியது. சூடு இல்லாமல் செரிக்காது என்பதால் அன்றைக்குப் பூச்சி போடவில்லை. மறுநாள் கிளையில் நன்றாகக் காய்ந்த பிறகுதான் இரண்டு வெட்டுக்கிளி கொடுத்தேன்.