பத்தாயிரம் சைட்டேஷன் வாங்கிய ‘ரேடார்’ கட்டுரை: அது தாக்கமா, பழக்கமா?

அலைவரிசை:
மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் வெங்கட் பத்மநாபனும் பரம்வீர் பாலும் 2000-ல் இன்ஃபோகாம் என்ற கணினி நெட்வொர்க் மாநாட்டில் ‘ரேடார்’ கட்டுரையை வெளியிட்டார்கள். ஜிபிஎஸ் எட்டாத கட்டிடத்துக்குள், அலுவலகத்தில் ஏற்கெனவே இருக்கும் வயர்லெஸ் நெட்வொர்க்கின் சிக்னல் பலத்தை வைத்தே ஆள் எங்கே நிற்கிறார் என்று சொல்லிவிடலாம் என்று காட்டினார்கள். முதலில் ஒவ்வொரு இடத்திலும் சிக்னலை அளந்து ஒரு வரைபடம் தயாரிப்பார்கள்; பிறகு கிடைக்கும் சிக்னலை அதோடு ஒப்பிட்டு இடத்தைக் கண்டுபிடிப்பார்கள். பத்தாயிரத்துக்கும் மேல் சைட்டேஷன், அதாவது அத்தனை தடவை மற்ற ஆய்வுகள் இதை மேற்கோள் காட்டியிருக்கின்றன. பத்மநாபனுக்கு 2016-ல் இந்தியாவின் அறிவியல் விருதான பட்நாகர் விருதும் கிடைத்தது. உட்புற இடமறிதல் துறையில் இதைவிடத் தாக்கம் உள்ள கட்டுரை வேறு இல்லை என்பது என் கருத்து. மறுப்பவர்கள் வாருங்கள்.

கிடங்குப்பொறியாளன்:
நான் மறுக்கிறேன் சார். இந்தத் துறையில யார் கட்டுரை எழுதினாலும் முதல் பத்தியில ரேடார் பேர் வந்துடும். படிச்சுட்டுப் போடுறவங்க எத்தனை பேர், வழக்கம்னு போடுறவங்க எத்தனை பேர்?

மூணு வருஷம் முன்னாடி ஒரு பெரிய கிடங்குல இதே முறையை நாங்க போட்டோம். தரையில சாக்பீஸ்ல குறி வச்சு, ஒவ்வொரு குறியிலயும் நின்னு சிக்னல் அளந்தோம். பகல்ல ஃபோர்க்லிஃப்ட் ஓடும், அதனால எல்லாமே ராத்திரி வேலை. பதினோரு ராத்திரி. முதல் மாசம் அருமையா வேலை செஞ்சுது. அப்புறம் கோடைக்கு ரேக்கை மாத்தி, தண்ணி பாட்டில் பெட்டியா அடுக்கினாங்க. தண்ணி 2.4 கிகாஹெர்ட்ஸ் சிக்னலை உறிஞ்சிடும். மூணாவது சந்துல நிக்கிற வண்டியை அஞ்சாவது சந்துல காட்டுச்சு. திரும்பவும் பதினோரு ராத்திரி அளக்கணும்னு சொன்னப்ப வாடிக்கையாளர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கல. அவர்கிட்ட பத்தாயிரம் சைட்டேஷன்னா என்ன அர்த்தம்?

ஆய்வுமாணவி_தென்றல்:
அண்ணா, உங்கள் வலி புரிகிறது. ஆனால் அந்தக் கட்டுரையை முழுசாகப் படித்தீர்களா? அவர்கள் அளந்தது 43.5 மீட்டருக்கு 22.5 மீட்டர் இருக்கும் ஒரே ஒரு தளம். சிக்னலுக்கு மூன்று பேஸ் ஸ்டேஷன் (நெட்வொர்க்கின் வயர்லெஸ் பெட்டிகள்), 70 இடங்கள், ஒவ்வொன்றிலும் நாலு திசை பார்த்து நின்று அளந்தார்கள், ஏனென்றால் நம் உடம்பே சிக்னலை மறைக்கும். இடைநிலைப் பிழை 2.94 மீட்டர், அதாவது பாதி தடவை பிழை இதற்குள் இருந்தது. பலமான சிக்னல் தரும் பேஸ் ஸ்டேஷன் பக்கத்தில்தான் ஆள் இருக்கிறார் என்று வைத்துக்கொண்டால் அதுவே 8.16 மீட்டர் ஆகிவிடும்.

முக்கியமானது இனிமேல்தான். தரையெல்லாம் அளக்காமல், சுவர் எத்தனை குறுக்கே வருகிறது என்று கணக்குப் போட்டே வரைபடம் தயாரிக்கும் வழியும் அதே கட்டுரையில் இருக்கிறது. பிழை சுமார் 4.3 மீட்டர். உங்கள் பதினோரு ராத்திரியை அவர்கள் அன்றைக்கே யோசித்திருக்கிறார்கள். பத்மநாபன் அதோடு விடவும் இல்லை. 2010-ல் கிருஷ்ணா சிந்தலபூடியோடு சேர்ந்து முன்கூட்டி அளக்கவே வேண்டாத ‘ஈஸி’ முறை, 2012-ல் மக்கள் நடக்க நடக்க போனே வரைபடம் சேர்க்கும் ‘ஸீ’. தன் கட்டுரையின் ஓட்டையைத் தானே பத்து வருஷத்துக்கு மேல் துரத்தியிருக்கிறார். எனக்குத் தாக்கம் என்றால் அதுதான்.

கிடங்குப்பொறியாளன்:
சரிம்மா, துரத்தினார். பிடிச்சாரா? 2014-ல பெர்லின்ல மைக்ரோசாஃப்ட் உட்புற இடமறிதலுக்குப் போட்டி வச்சாங்க. சொந்தக் கருவி எதுவும் மாட்டாத பிரிவுல ஜெயிச்சவங்க பிழை 1.6 மீட்டர். பதினாலு வருஷத்துல 2.94 வந்து 1.6 ஆகியிருக்கு, அவ்வளவுதான்.

ஆய்வுமாணவி_தென்றல்:
அந்த ஒப்பீடு தப்பு அண்ணா. முதல் எண் இடைநிலை, இரண்டாவது சராசரி. கட்டிடமும் வேறு. ரேடாரில் ஆராய்ச்சியாளர்கள் தங்கள் அலுவலகத்தில் ஆற அமர அளந்தார்கள். போட்டியில் பிறர் இடத்தில், பிறர் வைத்த குறியில் சோதனை.

ஓய்வுபெற்ற_வாத்தியார்:
இருவரும் ஒரு பெயரை விட்டுவிட்டீர்கள். அதே 2000-ல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்திலிருந்து ‘கிரிக்கெட்’ என்ற இடமறியும் முறை வந்தது. நிசங்க பிரியந்த, அனித் சக்ரபர்த்தி, நம் சென்னை ஐஐடியில் படித்த ஹரி பாலகிருஷ்ணன் ஆகியோர் எழுதியது. கூரையில் ஒட்டிய சிறு கருவி வானொலி அலையையும் காதுக்குக் கேட்காத மீயொலியையும் ஒரே கணத்தில் அனுப்பும். ஒலி ஒரு மீட்டர் வருவதற்குச் சுமார் 3 மில்லி விநாடி ஆகும். ரேடியோவோ உடனே வந்துவிடும். அந்த நேர இடைவெளியிலிருந்தே தூரம் தெரிந்துவிடும். கணக்கைப் போடுவது உங்கள் கையில் இருக்கும் கருவி. நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று கட்டிடத்துக்குத் தெரியவேண்டிய அவசியமே இல்லை. இதை நான் வகுப்பில் சொல்லும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

இன்றைக்குப் போனில் வந்திருப்பதைப் பாருங்கள். 2018-ல் ஆண்ட்ராய்டு 9-இல் வைஃபை ஆர்டிடி (சிக்னல் போய்த் திரும்பும் நேரத்தை அளப்பது), 2019-ல் ஐபோன் 11-இல் யுடபிள்யுபி (மிகக் குறுகிய ரேடியோ துடிப்புகளை அனுப்புவது). இரண்டும் சிக்னல் பலத்தை நம்பவில்லை, நேரத்தை அளக்கின்றன. சைட்டேஷன் கணக்கில் ரேடார் முன்னால் இருக்கலாம். துல்லியம் வேண்டிய இடத்தில் பொறியாளர்கள் போனது நேரத்தின் வழியில்.

அலைவரிசை:
ஐயா, நேரத்தை அளக்க இரண்டு பக்கமும் புதுக் கருவி வேண்டுமே! இருப்பதை வைத்தே செய்யலாம் என்ற துணிச்சல்தான் ரேடார். 2008-லேயே ஐபோன் வைஃபை பார்த்து இடம் சொல்லியது.

கிடங்குப்பொறியாளன்:
அது ஸ்கைஹூக் கம்பெனியோட வேலை சார். எந்த ரவுட்டர் எந்தத் தெருவுல இருக்குன்னு ஊர் ஊரா வண்டியில போய்ச் சேர்த்த பட்டியல். அதை ரேடார் கணக்குல எழுதக் கூடாது.

அலைவரிசை:
அது நியாயம். அந்த வரியைத் திரும்பப் பெறுகிறேன். மற்றதில் மாற்றமில்லை.

ஆய்வுமாணவி_தென்றல்:
அண்ணா, ஒரு கேள்வி. ரேக் மாற்றுவதற்கு முன்னால் அளந்ததும் பின்னால் அளந்ததும் உங்களிடம் இருக்கிறதா? நான் படித்ததில் பெரும்பாலும் வரைபடம் புதுசாக இருக்கும்போது எடுத்த எண்தான். அது எப்படிப் பழசாகிறது என்று உண்மையான கிடங்கிலிருந்து தரவு கிடைப்பது அரிது.

கிடங்குப்பொறியாளன்:
ரெண்டும் இருக்கும்மா. 22 ராத்திரி, தேதியோட, குறி நம்பரோட. சைட்டேஷன் பத்தி நான் சொன்னது சொன்னதுதான். ஆனா வாடிக்கையாளர்கிட்ட அனுமதி கேட்டுப் பார்க்கிறேன். இடத்தோட பேர் மட்டும் வெளிய வரக் கூடாது.