லாட்டரிப் பரிசுக்கான வரியில் தோற்ற பணத்தைக் கழிக்க முடியுமா?

செங்கோட்டைவாசி:
வணக்கம். வேலை நிமித்தம் கேரளாவுக்குப் போகும்போதெல்லாம் லாட்டரிச் சீட்டு வாங்கும் பழக்கம் எனக்கு உண்டு. 2025-26 நிதியாண்டில் ஒரு சீட்டுக்குப் பரிசு விழுந்தது. கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று அதை 1,00,000 ரூபாய் என்றே வைத்துக்கொள்வோம். 30 சதவீத வரியைப் பிடித்துக்கொண்டுதான் கொடுத்தார்கள். அதே ஆண்டில் பரிசு விழாத சீட்டுகளுக்கு ஏறத்தாழ 38,000 ரூபாயும், ஆகஸ்டில் தடைச் சட்டம் வருவதற்கு முன்பு இணைய ரம்மியில் 15,000 ரூபாயும் போய்விட்டன. என் சம்பளம் 7,00,000 ரூபாய். புதிய வரி முறையில் 12 லட்சம் வரை வரி இல்லை என்கிறார்களே, பிடித்த தொகை திரும்பக் கிடைக்குமா?

வரிக்கணக்கர், மதுரை:
கிடைக்காது, ஐயா. 12 லட்சம் வரை வரி இல்லை என்பது வருமான வரிச் சட்டத்தின் 87ஏ பிரிவு தரும் தள்ளுபடியால் வருவது. 2025-26 முதல் அந்தத் தள்ளுபடி, வழக்கமான விகிதப்படி வரும் வரிக்கு மட்டுமே உரியது. உங்கள் சம்பளத்துக்கு வரி வராது. ஆனால் லாட்டரி, சீட்டாட்டம், பந்தயம் ஆகியவற்றில் வென்ற தொகைக்கு 115பிபி பிரிவின்படி நேராக 30 சதவீதம் வரியும் அந்த வரித்தொகையின்மேல் 4 சதவீதம் செஸ் எனும் கூடுதல் வரியும் உண்டு. ஆகவே மொத்த வரி 31,200 ரூபாய்; பிடித்தது 30,000 போக, இன்னும் 1,200 ரூபாயை நீங்கள்தான் கட்ட வேண்டியிருக்கும்.

சீட்டு வாங்கிய செலவை 58(4) பிரிவு அடியோடு மறுக்கிறது. பரிசு விழுந்த சீட்டின் விலையைக்கூடக் கழிக்க இயலாது. ரம்மிக்கு மட்டும் 2023 ஏப்ரல் முதல் தனி வழி உண்டு: எடுத்த தொகையிலிருந்து போட்ட தொகையைக் கழித்து, நிகரமாக வென்றதற்குத்தான் 30 சதவீதம். நீங்கள் நிகரமாகத் தோற்றிருப்பதால் அதற்கு வரி இல்லை. ஆனால் அந்த நஷ்டத்தை லாட்டரிப் பரிசிலோ சம்பளத்திலோ ஈடுகட்டவும் முடியாது, அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோகவும் முடியாது.

பழைய பந்தயப் பிரியர்:
விதிவிலக்கு ஒன்று உண்டு, நமக்கு உதவாது என்றாலும். பந்தயக் குதிரைகளைச் சொந்தமாக வளர்ப்பவர் அவற்றின் பராமரிப்புச் செலவைக் கழித்துக்கொள்ளலாம். நஷ்டம் வந்தால் 74ஏ பிரிவின்படி அதே வகை வருமானத்தில் ஈடுகட்ட 4 ஆண்டுகள் வரை கொண்டுபோகலாம். அதே குதிரையின்மேல் பணம் கட்டித் தோற்றவருக்கு எதுவும் இல்லை. குதிரை வளர்ப்பதை ஒரு தொழில்போலவும் பணம் கட்டுவதை வெறும் சூதாகவும் சட்டம் பார்க்கிறது என்பதே என் எண்ணம்.

செங்கோட்டைவாசி:
நன்றி. அப்படியானால் நான் வழக்கமாகத் தாக்கல் செய்யும் ஐடிஆர்-1 படிவமே போதுமா?

வரிக்கணக்கர், மதுரை:
போதாது. லாட்டரிப் பரிசு இருந்தால் ஐடிஆர்-2 படிவம் வேண்டும். கைக்கு வந்த தொகையை அல்ல, பிடித்தத்துக்கு முந்தைய முழுத் தொகையை ‘பிற ஆதார வருமானம்’ பகுதியில் காட்டுங்கள். பிடித்த வரி, உங்கள் பெயரில் பிடித்த வரிகளைக் காட்டும் 26ஏஎஸ் அறிக்கையில் பதிவாகியிருக்கிறதா என்பதை முதலில் பார்த்துவிடுங்கள்.