உதவி: பழைய கொலிண்டர் பட்டியல் கையா பட்டியலோடு சேரவே மாட்டேங்குது

அல்சூர்வாசி:
பெங்களூர்ல எங்க குழுவுக்கு பைனாகுலர்ல பார்க்க திறந்த கொத்துப் (ஒண்ணாப் பிறந்த விண்மீன்களோட தளர்வான கூட்டம்) பட்டியல் ஒண்ணு தயார் பண்றேன். வானியலாளர் கொலிண்டர் 1931-ல தொகுத்த 471 கொத்துகளும் ஒரு பழைய ஃபைல்ல இருக்கு. டாப்கேட்ல (வானியல் அட்டவணைகளைப் பொருத்துற மென்பொருள்) கையா விண்கலத் தரவுல எடுத்த கொத்துப் பட்டியலோட பொருத்தினா, விரல் விட்டு எண்ணிடலாம், அவ்வளவுதான் சேருது. சனிக்கிழமைக்குள்ள வேணும்.

நிறமாலை:
எந்தக் கையா பட்டியல்? 2020-ல கான்டா-கோடன் குழு வெளியிட்டதா (2,017 கொத்துகள்), 2023-ல ஹன்ட், ரெஃபர்ட் வெளியிட்டதா (7,167)? பொருத்தற ஆரம் (எவ்வளவு நெருக்கத்துல இருந்தா ஜோடின்னு எடுக்கறது) எவ்வளவு?

மணிக்கோணம்:
ஆர்.ஏ. (வானத்துல கிழக்கு-மேற்கு ஆயம்) மணிக்கணக்குல இருக்கும், டாப்கேட் டிகிரின்னு எடுத்துக்கும். 15-ஆல பெருக்குங்க, சரியாயிடும்.

கொத்துக்காரர்:
தம்பி, ஃபைலோட தலைப்பு வரியைப் படிச்சீங்களா? 1931-ல் வந்த பட்டியல் தானாக ஜே2000 (2000-ம் ஆண்டுக்கான வான ஆயங்கள்) ஆகாது. இதுகூடப் பார்க்காமல் பொருத்த உட்காரக் கூடாது.

அல்சூர்வாசி:
2023 பட்டியல். ஆரம் 5 ஆர்க்செகண்ட் (ஒரு டிகிரியில 3,600 ஆர்க்செகண்ட்). டிகிரிக்கு மாத்தியாச்சு. ஃபைல்ல தலைப்பு வரியே இல்ல.

நிறமாலை:
அப்போ எம்67 கொத்தை வச்சு சோதிங்க; உங்க ஃபைல்ல கொலிண்டர் 204. டெக்ளினேஷன் (வடக்கு-தெற்கு ஆயம்) +11° 49' இருந்தா ஆயங்கள் 2000-ம் ஆண்டுக்கானது. +12° 00' இருந்தா 1950-க்கானது. அந்த 50 வருஷத்துல அயனச் சலனம் (பூமியோட அச்சு மெதுவா திசைமாறறது) அதோட ஆயங்களை மொத்தமா 42 ஆர்க்மினிட் தள்ளியிருக்கு, முழுநிலவை விட அதிகம். டாப்கேட்டிலேயே எஃப்கே4-லிருந்து (1950 ஆயமுறை) எஃப்கே5-க்கு (2000 ஆயமுறை) மாத்தலாம்.

மாத்தின பிறகும் 5 ஆர்க்செகண்ட் உதவாது. அது ஒற்றை விண்மீனுக்கான ஆரம். கொத்துக்கு மையம்னு ஒரு புள்ளி கிடையாது: இதே எம்67-க்கு பழைய பட்டியல்கள்ல (2000 ஆயமுறையில) ஆர்.ஏ. 8 மணி 50.4 நிமிடம், கையாவில் 8 மணி 51.4, கால் டிகிரி வித்தியாசம். அதனால முதல்ல பெயரை வச்சுப் பொருத்துங்க. கார்த்திகை உங்ககிட்ட கொலிண்டர் 42, கையா பட்டியல்ல மெலோட் 22. எம்67 அங்கே என்ஜிசி 2682. மாற்றுப் பெயர்களுக்குத் தனிப் பத்தி இருக்கு. மிஞ்சினதுக்கு மட்டும் டாப்கேட்ல ‘ஸ்கை வித் எரர்ஸ்’ங்கற பொருத்தும் முறையைப் போட்டு, ஒவ்வொரு வரிக்கும் அதோட விட்டத்துல பாதியை ஆரமா கொடுங்க. பால்வழித் தளத்துல 7,167-ல பெரும்பாலானது நெருக்கியடிச்சுக் கிடக்கு; பெரிய ஆரம் போட்டா தப்பான ஜோடி வந்துடும்.

மணிக்கோணம்:
அப்படியே கொலிண்டர் 399-ஐ நீக்கிடுங்க. அதுதான் கோட் ஹேங்கர்; அது கொத்தே இல்லைன்னு ஹிப்பார்கோஸ் விண்கல அளவீடுகள் காட்டியாச்சு. விண்மீன்கள் ஒவ்வொண்ணும் ஒவ்வொரு தூரத்துல.

ஒயிட்ஃபீல்ட் மாடி:
பைனாகுலர் பட்டியல்ல அதை எடுத்தா மிச்சம் என்ன? பெங்களூர் வெளிச்சத்துலயும் தெரியற பொருள் அது. எம்73-ம் தற்செயலா நிக்கிற நாலு விண்மீன்தான், மெசியே பட்டியல்லேருந்து யாரும் எடுக்கலையே.

மணிக்கோணம்:
கொத்துப் பட்டியல்னு பேர் வச்சா கொத்து மட்டும் இருக்கணும்.

கொத்துக்காரர்:
பொருந்தவில்லை என்பதற்காகவும் நீக்காதீர்கள். கையா பார்ப்பது கண்ணுறு ஒளியில். தூசிக்குள் புதைந்த இளம் கொத்துகள் அதற்குத் தப்பும். ‘கொத்து’, ‘தோற்றக் கூட்டம்’, ‘தெரியவில்லை’ என்று தனிப் பத்தி போடுங்கள், தம்பி.

அல்சூர்வாசி:
12° 00' தான் இருந்தது. மாத்திட்டேன், பெரும்பாலானது சேர்ந்துடுச்சு. 399 இருக்கட்டும், தோற்றக் கூட்டம்னு குறிச்சுட்டேன். நன்றி.

நிறமாலை:
சேராம நின்னது எதெது? எண்களைப் போடுங்க, பார்க்கலாம்.