பகாசுரன் வண்டி எங்கள் தெருவுக்கு வந்த வருடம்

வந்தவாசிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து:

எங்கள் ஊர்த் திரௌபதி அம்மன் கோயிலில் பாரதத் திருவிழா வைத்தால் பகலில் பிரசங்கியார் வில்லிபாரதம் சொல்வார், இரவில் தெருக்கூத்து நடக்கும். பகாசுரன் வதத்தன்று மட்டும் ஆட்டம் பகலிலேயே தொடங்கிவிடும். பீமன் வேடக்காரர் மாட்டு வண்டியில் ஏறி உட்கார, வண்டி தெருத் தெருவாக வரும். வீட்டுக்கு வீடு சோறு, குழம்பு, வடை, வாழைப்பழம் என்று கொண்டுவந்து வண்டியில் வைப்பார்கள். பகாசுரனுக்குப் போகிற உணவைப் பீமன் வழியிலேயே அள்ளித் தின்றுகொண்டு வருவார். பிள்ளைகள் கூச்சலிட்டபடி பின்னால் ஓடுவார்கள்.

என் சிறுவயதில் அந்த வண்டி பிள்ளையார் கோயில் முனையோடு திரும்பிவிடும். அதற்கப்பால் ஓடை, ஓடைக்கு மறுகரையில் காலனி. எங்கள் வீடு அங்கேதான். கொடியேற்றத்துக்குப் பறையடிக்க என் தாத்தாவைக் கூப்பிடுவார்கள். திருவிழாவுக்கான தலைக்கட்டு வரியை மட்டும் எங்களிடம் வாங்க மாட்டார்கள். வரி இல்லையென்றால் நல்லதுதானே என்று வெளியூர்க்காரர்கள் கேட்பதுண்டு. ஊர்க் கணக்கில் எங்களுக்குத் தலையே கிடையாது என்பதுதான் அதன் பொருள்.

வண்டி இங்கேயும் வர வேண்டும் என்று எங்கள் தெரு இளைஞர்கள் இரண்டு வருடம் ஊர்க்கூட்டத்தில் கேட்டுப் பார்த்தார்கள். பதில் வரவில்லை. மூன்றாம் வருடம் வண்டி வழக்கம்போல முனைக்கு வந்து நின்றது. கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் முன்னால் குதித்து, “மகாராஜா, பசி அடங்கியதா?” என்று கேட்டான். பீமன் வயிற்றைத் தடவிக்கொண்டே எங்கள் பக்கம் கை நீட்டினார். “அதோ அங்கேயும் புகை தெரிகிறது. அடுப்பு எரியும் வீட்டை விட்டுவிட்டுப் போனால் பீமன் பசி எப்படி அடங்கும்? வண்டியை விடு.” ஊர்ப் பெரியவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கூத்து ஜமாவின் (குழுவின்) வாத்தியார் சொல்லியிருந்தால் தடுத்திருப்பார்கள், பீமன் சொன்னதால் தடுக்க வாய் வரவில்லை. முந்தின இரவே எங்கள் பையன்கள் ஜமா வாத்தியாரிடம் பேசியிருந்தார்கள் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். பீமன் கட்டியவரும் அவரேதான்.

அம்மா ஒவ்வொரு வருடமும் அன்றைக்குச் சமைத்து வைத்துக் காத்திருப்பார். அன்று பானையோடு ஓடிவந்தார். கத்திரிக்காய்க் குழம்பு பிசைந்த சோறு. வெயிலில் அரிதாரம் வழிந்துகொண்டிருந்த முகத்தோடு வாத்தியார் குனிந்து, ஒரு கை நிறைய அள்ளித் தின்றார். உதட்டுச் சாயம் ஒட்டிய ஒரு பருக்கை அவர் மோவாயில் நின்றதை இன்றைக்கும் என்னால் பார்க்க முடிகிறது. அம்மா ஒன்றும் பேசவில்லை. பானையை வண்டியில் வைத்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

அடுத்த திருவிழாவுக்கு எங்களிடமும் வரி கேட்டு வந்தார்கள். கொடுத்தோம்.

கலை மக்களைச் சேர்க்கிறது என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனம் வருவதில்லை. விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில் 2023இல், பட்டியல் சாதி மக்களை உள்ளே விடாத தகராறில் இதே திரௌபதி அம்மனின் கோயிலுக்குச் சீல் வைத்தார்கள். பாரதம் கேட்டு வளர்ந்த மண்தான் அதுவும். வண்டி எந்தத் தெரு வரைக்கும் போகிறது என்று நான் இன்னும் எல்லா ஊரிலும் விசாரிக்கிறேன்.

சேத்துப்பட்டைச் சேர்ந்தவர், இப்போது பெங்களூரில்:

படித்ததும் உடனே எழுதத் தோன்றியது. எங்கள் பக்கத்தில் பெரியவர்கள் இறந்தால் காரியத்துக்கு முந்தின இரவு கர்ண மோட்சம் கூத்து வைப்பார்கள். அப்பாவுக்கும் வைத்தோம். அப்பாவும் பெரியப்பாவும் கிணற்று முறைத் தகராறில் ஒன்பது வருடம் பேசிக்கொள்ளாதவர்கள். பெரியப்பா பிணத்துக்கு வந்தார், தோள் கொடுத்தார், ஆனால் எங்கள் வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. கூத்துக்கும் வந்து, வைக்கோல்போர் ஓரமாகத் தனியே துண்டை விரித்து உட்கார்ந்திருந்தார்.

கர்ணன் மனைவி பொன்னுருவியிடம் விடைபெறும் இடம் வந்தபோது மணி மூன்று இருக்கும். அந்தப் பாட்டுக்கு முகவீணை என்ற சிறு ஊதுகுழல் அழுவதைக் கேட்டவர்களுக்குத்தான் தெரியும். பெண்கள் எல்லாரும் அழுதார்கள், அது எதிர்பார்த்ததுதான். பெரியப்பா எழுந்து ஆட்டக்களத்துக்குள் வந்து கட்டியங்காரன் காதில் ஏதோ சொல்லி நூறு ரூபாய் கொடுத்தார். ஆர்மோனியம் நின்றது. கட்டியங்காரன் அப்பாவின் பெயரைச் சொல்லி, “தம்பி நினைவாக அண்ணன் கொடுத்த அன்பளிப்பு” என்று அறிவித்தான். பெரியப்பா அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். என் அம்மாதான் போய்ச் சொம்பில் தண்ணீர் கொடுத்தார். வாங்கிக் குடித்தார்.

பஞ்சாயத்து வைத்துப் பார்த்தோம், உறவுக்காரர்களை அனுப்பிப் பார்த்தோம். ஊர் முன்னால் அழுவதற்கு அவருக்கு ஓர் இடம் தேவைப்பட்டிருக்கிறது. அதைக் கூத்து கொடுத்தது.

காஞ்சிபுரத்திலிருந்து ஓர் ஆசிரியை:

ஒரு சிறு திருத்தம். கலைஞர்கள் பலர் ‘தெருக்கூத்து’ என்ற பெயரை விரும்புவதில்லை. புஜத்திலும் தலையிலும் கட்டை என்னும் மர அணிகளைக் கட்டி ஆடுவதால் கட்டைக்கூத்து என்கிறார்கள். அவர்கள் விருப்பப்படியே நாமும் சொல்வது மரியாதை.

பி. ராஜகோபாலும் ஹன்னே டி புருயினும் காஞ்சிபுரம் அருகே புஞ்சரசந்தாங்கலில் 2002 முதல் 2020 வரை நடத்திய கட்டைக்கூத்து குருகுலத்தில் பிள்ளைகள் பள்ளிப் பாடத்தோடு கூத்தும் கற்றார்கள். தலைமுறை தலைமுறையாக ஆண்களே கட்டிவந்த வேடங்களைப் பெண் பிள்ளைகளும் கட்டினார்கள். அப்படி ஒரு பெண் துரியோதனன் கட்டித் திரைக்குப் பின்னாலிருந்து சலங்கை அதிர வெளியே பாய்ந்த இரவில் நான் கூட்டத்தில் இருந்தேன். பக்கத்திலிருந்த பாட்டி என் கையைப் பிடித்து, “இது பொம்பளப் பிள்ளையா?” என்று இரண்டு தடவை கேட்டார். ஆமாம் என்றதும் மடியில் படுத்திருந்த பேத்தியைத் தட்டி எழுப்பி உட்கார வைத்தார். விடியும்வரை அந்தக் குழந்தையைத் தூங்க விடவில்லை.

மீண்டும் வந்தவாசிப் பக்கத்திலிருந்து:

திருத்தத்துக்கு நன்றி அம்மா. இனி கட்டைக்கூத்து என்றே எழுதுகிறேன். அண்ணா, உங்கள் பெரியப்பா கதையை வீட்டில் சத்தமாகப் படித்துக் காட்டினேன்.

வண்டி இப்போதும் எங்கள் தெருவுக்கு வருகிறது. அந்த வாத்தியாருக்கு முட்டி வலி, பீமனை மகன் கட்டுகிறார். எங்கள் தெருப் பையன் ஒருவன் அதே ஜமாவில் முகவீணை கற்கிறான். இன்னும் மூச்சுப் பிடிபடவில்லை. விடியற்காலையில் ஓடைக்கரையில் நின்று ஊதச் சொல்லியிருக்கிறார் வாத்தியார். இரண்டு கரைக்கும் கேட்கிறது.