எங்களை இத்தனை வருடம் அழவைத்தவருக்கு என்ன மரியாதை செய்வது?

சுண்ணாம்புக்காரன்

திருகோணமலை நகரத்துக் கழகம் ஒன்றுக்கு மைதானத்தில் கோடு போடுபவன் நான். விளையாடியதே இல்லை என்று சொல்ல முடியாது. மூன்று ஆட்டம் விளையாடினேன். அதற்குப் பிறகு சுண்ணாம்பு வாளியை என் கையில் கொடுத்துவிட்டார்கள். இருபத்திரண்டு வருடமாக அது என்னிடம்தான் இருக்கிறது.

விஷயம் இதுதான். கிண்ணியா அணி ஒன்றின் ஒன்பதாம் இலக்கக்காரர் இந்த மாதக் கடைசியோடு உதைபந்தாட்டத்தை விடுகிறார். கடைசி ஆட்டம் எங்களோடு, ஏகாம்பரம் மைதானத்தில். பெயர் எழுதமாட்டேன். யாரென்று மைதான மூலையில் கச்சான் (நிலக்கடலை) விற்கும் அம்மாவுக்கே தெரியும். 2009இல் கிண்ணியாப் பாலம் திறப்பதற்கு முன்னால், சப்பாத்துப் பையை மடியில் வைத்துக்கொண்டு, பாதை என்கிற மிதவையில் ஏறி இக்கரைக்கு வந்த பையன். வந்த முதல் ஆட்டத்திலேயே எங்களுக்கு இரண்டு கோல் போட்டான். இன்று 'அவர்' என்று எழுதுகிறேன். அன்று நான் சொன்ன வார்த்தைகள் வேறு. அன்றுமுதல் ஒரு கொப்பியில் கணக்கு வைத்திருக்கிறேன். எங்களுக்கு எதிராக மட்டும் 31. அதில் ஒன்று கையில் பட்டுப் போனது. அதை நான் இன்றைக்கும் கோலாக ஒப்புக்கொள்ளவில்லை, ஆனால் எண்ணிக்கையில் சேர்த்திருக்கிறேன்.

அவருக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று கழகக் கூட்டத்தில் சொன்னேன். சிரித்தார்கள். "31 கோலுக்கு நன்றி சொல்லவா?" என்று ஒருவர் கேட்டார். பொருளாளர் மட்டும் பொன்னாடை ஒன்று போட்டுவிடலாம் என்றார். எனக்கு அதில் விருப்பமில்லை. இந்த ஊரில் குடிநீர்க் குழாய் திறக்க வருகிறவருக்கும் பொன்னாடைதான்.

நான் ஏன் இதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன் என்று சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன், நவம்பர் மழையில் ஓர் ஆட்டம். இடைவேளைக்குள் கோடெல்லாம் கரைந்து போய்விட்டது. பத்து நிமிடத்தில் கோடு தெரியாவிட்டால் ஆட்டம் நிறுத்தம் என்று மத்தியஸ்தர் சொல்லிவிட்டார். ஈர நிலத்தில் தூள் நிற்காது, கரைத்துத்தான் ஊற்ற வேண்டும். கயிற்றின் ஒரு நுனியை ஒருவர் பிடிக்க, மற்றவர் நடக்க வேண்டும். என் உதவிக்கு வரும் பையன் அன்று வரவில்லை. எங்கள் ஆட்கள் கூடாரத்துக்குள் பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். அப்போது இந்த மனிதர் நனைந்த சட்டையோடு வந்து கயிற்றின் மறு நுனியை எடுத்தார். யாரும் கூப்பிடவில்லை. என் கயிற்றில் இரண்டு முடிச்சு உண்டு. முடிச்சைத் தடவிப் பார்த்துவிட்டு, "இது பதினொன்றா, ஒன்பது பதினைந்தா?" என்று கேட்டார். பெனால்டிப் புள்ளிக்குப் பதினொரு மீற்றர், வட்டத்துக்கு ஒன்பது மீற்றர் பதினைந்து. எங்கள் கழகத்தில் ஒருவரும் இத்தனை வருடத்தில் அந்த முடிச்சு எதற்கு என்று கேட்டதில்லை.

கோல் கம்பங்களுக்கு இடையிலான கோட்டை அவரும் நானும் சேர்ந்தே போட்டோம். இரண்டாம் பாதியில் அவர் அடித்த பந்து மேல் கம்பத்தில் பட்டுக் கீழே குத்தி வெளியே வந்தது. கோல் என்று அவர்கள், இல்லை என்று எங்கள் ஆட்கள். நான் கோலுக்குப் பின்னால் வாளியோடு நின்றேன். எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள், மத்தியஸ்தரும்தான். சேற்றில் பந்து குத்திய பள்ளம் கோட்டுக்கு உள்பக்கம் ஒரு சாண் தள்ளிக் கிடந்தது. உள்ளே என்று சொன்னேன். பிறகு இரண்டு வாரம் கழகத்தில் என்னோடு பேச ஆளில்லை.

இப்போது கேள்விகள். மரியாதையை ஆட்டத்துக்கு முன்னால் செய்வதா, முடிந்த பிறகா? பொன்னாடை இல்லாவிட்டால் வேறு என்ன? எங்கள் இளசுகள் சிலர், கடைசி ஆட்டம்தானே, ஒரு கோலை விட்டுக்கொடுப்போம் என்கிறார்கள். எனக்கு அது வயிற்றைப் புரட்டுகிறது. நான்தான் பிழையா?

ஸ்கோர் புத்தகம்

நீங்கள் பிழையில்லை. நான் துடுப்பாட்டக்காரன், அந்தப் பக்கத்திலிருந்து இரண்டு சம்பவம் சொல்கிறேன்.

1948 ஆகஸ்ட் 14, லண்டன் ஓவல். ஆஸ்திரேலியாவின் பிராட்மன் தன் கடைசி டெஸ்டில் ஆட வருகிறார். வாட்டி எடுக்கப்பட்ட இங்கிலாந்து ரசிகர்களே எழுந்து நின்று கைதட்டுகிறார்கள். அணித்தலைவர் யார்ட்லி தன் வீரர்களைச் சுற்றி நிற்கவைத்து மூன்று முறை ஆரவாரம் எழுப்புகிறார், கை குலுக்குகிறார். அப்புறம் எரிக் ஹொலிஸ் பந்து போடுகிறார். இரண்டாவது பந்திலேயே ஸ்டம்ப் போய்விட்டது. பூச்சியம். 4 ஓட்டம் எடுத்திருந்தால் சராசரி 100 ஆகியிருக்கும், 99.94இல் நின்றுவிட்டது. ஹொலிஸ் இரக்கப்பட்டு ஒரு பந்தைக் காலுக்குப் போட்டிருந்தால், இன்று யாராவது அந்த 100ஐ மதிப்போமா?

மற்றது நம் நாட்டில். 2015 ஆகஸ்ட், கொழும்பு பி. சரவணமுத்து மைதானம், சங்கக்காரவின் கடைசி டெஸ்ட். இந்திய அணி இரு பக்கமும் வரிசையாக நின்று அவரை உள்ளே அனுப்பியது. அந்தத் தொடரில் அவர் ஆடிய நான்கு இன்னிங்ஸிலும் அவரை வெளியேற்றியது ஒரே ஆள், அஸ்வின். கடைசி இன்னிங்ஸும் சேர்த்துத்தான்.

ஆகவே வரிசையில் நில்லுங்கள், கைதட்டுங்கள், பந்து உருளத் தொடங்கியதும் காலை வையுங்கள். விட்டுக்கொடுத்த கோலை 32 என்று உங்கள் கொப்பியில் எழுதுவீர்களா? எழுதமாட்டீர்கள் என்பது எனக்குத் தெரியும்.

பழைய பின்களம்

வாசித்தேன். அழகாக எழுதியிருக்கிறீர்கள். நானும் உங்கள் கழகத்தில் இடது பின்களத்தில் பதினான்கு வருடம் நின்றவன்தான். அந்த 31இல் பாதிக்கு மேல் என்னைத் தாண்டித்தான் போயிருக்கும். தாண்டாமல் போனவை எத்தனை என்று யாரும் கொப்பி வைக்கவில்லை.

முழங்கால் போய் நான் விலகிய நாளில் யார் வந்தீர்கள்? பொன்னாடை வேண்டாம், ஒரு சோடா வாங்கித் தந்தீர்களா? நீங்கள் அன்று வாளியோடு எனக்குப் பக்கத்தால்தான் நடந்து போனீர்கள். "நாளைக்கு வருவாயா?" என்று கேட்டீர்கள். நான் விலகிவிட்டேன் என்பதே உங்களுக்குத் தெரிந்திருக்கவில்லை.

எதிரணிக்காரருக்கு மரியாதை செய்வதை நான் எதிர்க்கவில்லை. தடுக்கவே முடியாத ஆள். இடது காலால் போகப்போவதாக உடம்பைச் சாய்ப்பார். சாய்வு பொய் என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் பத்துக்கு ஏழு தடவை நானும் சாய்ந்திருக்கிறேன். ஆட்டம் பார்க்க வருவேன், கைதட்டுவேன். மேடைக்குக் கூப்பிட வேண்டாம்.

சுண்ணாம்புக்காரன்

தம்பி, நீர் சொன்னது உண்மை. அன்று மான் இரண்டு பெனால்டி எல்லைக்குள் புகுந்து கோட்டையெல்லாம் மிதித்துவிட்டுப் போயிருந்தன. அந்த ஆத்திரத்தில் உம்முடைய முகத்தைப் பார்க்கவில்லை. சாக்குத்தான், தெரியும். மன்னிக்க வேண்டும்.

கடைசி பஸ்

ஒரு சின்ன விஷயம். 2010 உலகக் கிண்ண இறுதியாட்டத்தில் 116ஆவது நிமிடத்தில், ஸ்பெயினுக்கு ஆடிய பார்சலோனாக்காரர் இனியெஸ்டா கோல் அடித்துச் சட்டையைக் கழற்றினார். உள்ளே, முந்தைய வருடம் 26 வயதில் இறந்துபோன டானி ஹார்க்கேயின் பெயரை எழுதியிருந்தார். ஹார்க்கே எஸ்பான்யோல் அணித்தலைவர். பார்சலோனாவுக்கு ஊருக்குள்ளேயே இருக்கும் எதிரி அணி அது. அதற்குப் பிறகு எஸ்பான்யோல் ரசிகர்கள் தங்கள் மைதானத்திலேயே இனியெஸ்டாவுக்கு எழுந்து நின்று கைதட்டினார்கள். அவர் வென்ற கிண்ணங்களுக்காக அல்ல, அந்தச் சட்டைக்காக.

உங்களிடம் சட்டை இல்லை, கயிறு இருக்கிறது. அதைச் சட்டம் போட்டுக் கொடுத்துவிடுங்களேன்.

கிண்ணியாக்கரை

அண்ணன், நான் அவருடைய அணியில்தான் இருக்கிறேன். இதை அவருக்கு வாசித்துக் காட்டினேன்.

முதலில் நேரம். ஆட்டம் முடிந்த பிறகு வேண்டாம். உங்கள் ஊரில் நான்கு பேர் ஒலிவாங்கியைப் பிடித்தால் மாலைத் தொழுகைக்கு மஃரிப் பாங்கு சொல்லிவிடுவார்கள், எங்கள் ஆட்கள் பாதிப்பேர் பள்ளிவாசலுக்குப் போய்விடுவார்கள். முன்னாலேயே செய்யுங்கள். பொன்னாடையை வேண்டாம் என்று அவர் சொல்லமாட்டார், அவ்வளவு நல்ல மனிதர். ஆனால் வீட்டில் ஏற்கனவே ஐந்தாறு கிடக்கிறது, பிள்ளைகள் போர்த்திக்கொண்டு விளையாடுகிறார்கள்.

விட்டுக்கொடுக்கும் கோல் பற்றிச் சொன்னதும் முகம் மாறிவிட்டது. அப்படி ஏதும் நடந்தால் அந்த இடத்திலேயே வெளியே வந்துவிடுவேன் என்றார்.

இடது பின்களத்து அண்ணன் எழுதியதை இரண்டு முறை வாசிக்கச் சொன்னார். காற்சட்டையை உயர்த்திக் கணுக்காலுக்கு மேலே இருக்கும் தழும்புகளைக் காட்டினார். "இதில் பாதி அவருடையது. அவர் நடுவில் வந்து நிற்காவிட்டால் நான் நிற்கமாட்டேன்" என்றார். பகிடியாகச் சொன்னாரா என்று பார்த்தேன். இல்லை.

கையில் பட்ட கோல் பற்றியும் கேட்டேன். சிரித்தார். அதற்கு மேல் நான் எழுதினால் அணியிலிருந்து நீக்கிவிடுவார்.

பழைய பின்களம்

பாதி இல்லை. முக்கால்வாசி என்னுடையது.

சரி, வருகிறேன்.

சுண்ணாம்புக்காரன்

அப்படியானால் முடிந்தது. ஆட்டத்துக்கு முன்னால், மேடை இல்லை, ஒலிவாங்கி இல்லை. இரண்டு அணியும் வரிசையாக நிற்கும். அவர்கள் இருவரும் நடுவால் வருவார்கள். பொருளாளர் பொன்னாடைக்கு ஒதுக்கிய காசில் எல்லாருக்கும் சோடா. இளசுகளிடம் பிராட்மன் கதையைச் சொன்னேன். யாரென்று கேட்டார்கள். 99.94 என்றதும் வாயை மூடிக்கொண்டார்கள்.

கயிற்றைச் சட்டம் போட்டுக் கொடுக்கச் சொன்ன தம்பிக்கு: முடியாது. அடுத்த ஞாயிறு எனக்கு வேறு ஆட்டம் இருக்கிறது.

கிண்ணியா நானா, ஒன்று மட்டும் அவரிடம் கேட்டுச் சொல்லும். ஆட்டம் நான்கு மணிக்கு. அவருக்கு விருப்பமென்றால் இரண்டரைக்கு வரட்டும். இப்போது தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று, காலையில் போட்ட தூள் மதியத்துக்குள் கடற்கரைக்குப் போய்விடுகிறது, எப்படியும் புதிதாகப் போட வேண்டும். ஒரு நுனியைப் பிடிக்க ஆள் தேவை. விளையாடும் சப்பாத்தோடு வர வேண்டாம் என்று சொல்லும், சுண்ணாம்பு பட்டால் தோல் வெடித்துவிடும். பழைய செருப்புப் போதும்.